கூந்தலுக்கு ஒரு கட்டம் இல்லை: முதியோர் இல்லத்துப் பராமரிப்பை மதிப்பிடுதல்

பெரியம்மாவின் கூந்தலை வெட்டிவிட்டார்கள்.

அவரை அந்த முதியோர் இல்லத்தில் சேர்த்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பார்க்கப் போயிருந்தேன். வராந்தாவில் சக்கர நாற்காலியில் முதுகைக் காட்டி அமர்ந்திருந்த ஒருவரைக் கடந்து உள்ளே போனேன். கட்டில் காலியாக இருந்தது. "பெரியம்மா எங்கே?" என்று கேட்டேன். நான் கடந்து வந்தவர்தான் பெரியம்மா.

பிடரி தெரிய ஒட்ட வெட்டியிருந்தார்கள். அந்தக் கூடத்திலிருந்த பெண்கள் எல்லோருக்கும் அதே வெட்டு, அதே பூப்போட்ட நைட்டி என்பது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. அதற்கு முன் எத்தனையோ முறை வந்திருக்கிறேன். மற்றவர்களின் தலையை நான் பார்த்ததே இல்லை. பெரியம்மாவுக்கு 81 வயது. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நாள்வரை, தன் கையாலேயே தேங்காய் எண்ணெய் தேய்த்து, வாரி, இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டவர்.

பணிப்பெண் விளக்கினார்: "தல காயறதே இல்லைங்க மேடம். சளி புடிச்சுக்குது. பேனு வேற. இப்பப் பாருங்க, பாத்துக்கறதுக்குச் சுலபமா இருக்குது." அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பெரியம்மா சொன்னது இவ்வளவுதான்: "முடி வளரும் கண்ணு. என்னைய ஒரு வார்த்தை கேக்கலியே."

பராமரிப்புப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். குளியல், உணவு, மாத்திரை, மலம், சிறுநீர், தனிநபர் சுத்தம் என்று கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தது. முடி வெட்டிய நாளில் 'தனிநபர் சுத்தம்' என்ற கட்டத்தில் ஒரு டிக். வேறு எந்தக் குறிப்பும் இல்லை. பெரியம்மா தன் கூந்தலை இழந்த நாள், அந்த ஏட்டின் கணக்கில் பராமரிப்பு ஒழுங்காக நடந்த நாள்.

ஒரு முதியோர் இல்லத்தில் கவனிப்பு நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? யாருடைய கண்ணால் பார்த்துச் சொல்கிறோம்? இந்தக் கேள்விகள் அன்று மாலைதான் எனக்கு வந்தன. நான் மருத்துவமோ செவிலியமோ படித்தவளல்ல. தமிழ் இலக்கியம் கற்பிக்கிறேன். ஒரு பிரதியை எடுத்து, அதை யார் யாருக்காக எழுதினார்கள், அதில் யாருக்குப் பேச்சு இல்லை என்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. முதியோர் இல்லத்தைச் சுற்றியும் சில பிரதிகள் இருக்கின்றன. சேர்க்கும் முன்பு கையில் தரும் கையேடு ஒன்று. தினமும் எழுதும் பதிவேடு ஒன்று. இரண்டுக்கும் மேலே சட்டம். இந்த மூன்றையும் ஒரு வாசகியாக அணுகிப் பார்க்கிறேன்.

கையேடு

கோவையை ஒட்டி நான்கு இல்லங்களைப் பார்த்த பிறகே இதைத் தேர்ந்தெடுத்தோம். இப்போது யோசித்தால், நாங்கள் போனது பெண் பார்க்கப் போனது போலத்தான் இருந்திருக்கிறது. முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டு, காலை பதினோரு மணிக்குப் போனோம். தரை பளபளத்தது. பூஜை அறையில் மல்லிகை வாசம். பாட்டிமார் குளித்துப் பவுடர் பூசி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிறிய நூலகம் ஒன்று இருந்ததைப் பார்த்து நான் மனம் நிறைந்தேன். பெரியம்மா படிக்கிறவர் என்பதால் மட்டுமல்ல. என் குற்ற உணர்வுக்கு அந்த நூலகம் நல்ல மருந்தாக இருந்தது.

அவர்கள் தந்த கையேட்டை இப்போது மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். 'உங்கள் பெற்றோர்', 'உங்கள் அன்னை' என்றே அது தொடர்ந்து பேசுகிறது. அதன் வாசகர் மகனோ மகளோதான். அங்கே வாழப்போகிறவர் அதன் வாசகர் இல்லை. 'நிம்மதி' என்ற சொல் அடிக்கடி வருகிறது. அதுவும் விட்டுவிட்டுப் போகிறவரின் நிம்மதி. படங்களில் தோட்டம், யோகா, பிறந்தநாள் கேக் எல்லாம் உண்டு. வாளியும் ரப்பர் ஷீட்டும் பெட்பேனும் ஒரு படத்திலும் இல்லை. 'அன்பு', 'அரவணைப்பு', 'தாய்வீடு' என்ற சொற்களுக்குப் பஞ்சமில்லை. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற எண் எங்கும் இல்லை.

குடும்பத்துக்குள் பெண்ணின் உழைப்பை அன்பு என்று பெயரிட்டு மறைப்பது நமக்குப் பழகிய உத்தி. சந்தைக்கு வந்த பிறகும் அதே சொல்லால் அதே உழைப்பை மறைக்க முடிகிறது. 'தாய்வீடு போல' என்று சொல்லிவிட்டால், தாய்வீட்டில் யாரும் வேலையாட்களை எண்ணுவதில்லை அல்லவா?

நாங்களும் எண்ணவில்லை. அதற்கு எங்கள் அசட்டை மட்டும் காரணமில்லை. முதியோர் இல்லம் என்றாலே நம் சமூகத்தில் ஒரே ஒரு கதைதான் உண்டு: பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகள், அதற்குத் தூண்டிய மருமகள். மேடைப் பேச்சிலும் திரைப்படத்திலும் தொலைக்காட்சித் தொடரிலும் கண்ணீர் வடிய இதையே கேட்டு வளர்ந்தோம். இந்தக் கதையின் பெரிய கேடு, அது பெண்ணைக் குற்றவாளியாக்குவதோடு முடிவதில்லை. எல்லா இல்லங்களும் பாவத்தின் அடையாளம் என்றால், அவற்றில் நல்லது எது, மோசமானது எது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது. பாவம் செய்கிறவர் தலைகுனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறவே நினைப்பார். இரவில் எத்தனை பேர் பணியில் இருப்பார்கள் என்று நிமிர்ந்து கேட்க மாட்டார். நான் கேட்கவில்லை.

வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை என்றும் சொல்ல முடியாது. வீட்டில் பதிவேடே கிடையாது. அங்கே கவனிப்பின் தரம் ஒரு மகளின், ஒரு மருமகளின் தூக்கத்தையும் இடுப்பு வலியையும் வேலையையும் பொறுத்தது. அதை மதிப்பிட யாரும் வருவதில்லை. குறை சொல்ல மட்டும் வருவார்கள்.

பதிவேடு

ஒருமுறை பெரியம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. இரவு அங்கேயே தங்க அனுமதி கேட்டுத் தங்கினேன். அந்த இல்லத்தை நான் உண்மையில் பார்த்தது அந்த ஓர் இரவில்தான்.

பெண்கள் பகுதியில் 32 பேர். இரவு எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை இரண்டு பணிப்பெண்கள். முப்பத்திரண்டு பேரில் ஒன்பது பேர் தாமாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள். படுக்கைப்புண் வராமலிருக்க இவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும் என்பது செவிலியத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் நடைமுறை. ஒருவரை இருவர் சேர்ந்து திருப்பி, நனைந்ததை மாற்றி, முதுகைத் துடைத்து, தலையணை அண்டைக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆனது. ஒன்பது பேருக்குத் தொண்ணூறு நிமிடம். இரண்டு மணி நேரத்தில் மிஞ்சுவது அரை மணி. அந்த அரை மணியில் மற்ற 23 பேரின் தண்ணீர், கழிப்பறை, இருமல், பயம், 'என் பையன் வந்துட்டானா?' என்ற கேள்வி எல்லாம் முடிய வேண்டும். தூங்கவும் உட்காரவும் அந்தக் கணக்கில் நேரமே கிடையாது.

கணக்கு நிற்கவில்லை. எந்தக் கணக்கிலும் நிற்காது. பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் திருப்பினார்கள். இடையில் ஒரு பாட்டி, "அம்மிணி, ஒண்ணுக்குப் போவணும்" என்று வெகுநேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாக்கர் பிடித்து நடப்பவர் அவர். கையைப் பிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். "டயப்பருலயே போயிருங்க பாட்டி, காலைல மாத்திக்கலாம்" என்று பதில் வந்தது. நடக்க முடிந்தவருக்கு எதற்கு டயப்பர்? அவர் உடலின் தேவைக்காக அல்ல, ஆள் இல்லாத குறையை மூடுவதற்காகக் கட்டியது. இப்படிச் சில மாதம் கட்டினால், அடக்கிக்கொள்ளும் பழக்கம் உடலுக்கு மறந்துபோகும். பிறகு அவர் பெயருக்கு நேரே, சிறுநீர் அடங்காதவர் என்று எழுதுவார்கள். முதுமை செய்தது போல அது தோன்றும்.

அந்த இரண்டு பெண்களில் மூத்தவரோடு விடியற்காலை தேநீர் குடித்தேன். ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் வீடு. படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்குச் சாயங்காலமே சோறூட்டிவிட்டு, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறார். இங்கே முப்பத்திரண்டு பேரைப் பார்த்துக்கொள்கிறவருடைய மாமியாரை இரவில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

ஐந்தரை மணிக்கு அவர் பதிவேட்டை எடுத்தார். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்ற நான்கு கட்டங்களிலும், ஒன்பது பெயர்களுக்கு நேரே, ஒரே மூச்சில் டிக் போட்டார். நான் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். "எழுதலைன்னா சம்பளத்துல புடிப்பாங்க" என்றார்.

திமோதி டைமண்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், சிகாகோவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் உதவிப் பணியாளராகவே வேலைக்குச் சேர்ந்து, அந்த அனுபவத்தை 1992-இல் 'மேக்கிங் கிரே கோல்ட்' என்ற நூலாக்கினார். ஏட்டில் ஏறாத வேலை நடக்காத வேலையாகக் கருதப்பட்டது என்பது அவர் அங்கே கண்டவற்றில் முக்கியமானது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், சாப்பிட மறுப்பவரைப் பேசிப்பேசி ஒரு கவளம் உண்ண வைப்பதும் ஏட்டில் ஏறாது. ஆகவே அதற்கு நேரமும் இல்லை, கூலியும் இல்லை. நான் பார்த்த ஏட்டில் இதன் மறுபக்கமும் இருந்தது. நடக்காத வேலை ஏறியிருந்தது. நடந்த வேலை ஏறவில்லை. இரண்டு மணிக்கு ஒரு பாட்டி அழுதபோது, அவர் நெற்றியைத் தடவி அந்த அக்கா ஏதோ ஒரு தாலாட்டை முனகினார். அதற்கும் கட்டம் இல்லை.

அளவுகோல்

மருத்துவக் கவனிப்பின் தரத்தை எப்படி அளப்பது என்று 1966-இல் அவெடிஸ் டொனபெடியன் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் அடிப்படையானது. கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்று பக்கத்திலிருந்து பார்க்கச் சொன்னார். என்ன இருக்கிறது, என்ன செய்கிறார்கள், அதனால் என்ன ஆகிறது? எளிமையான, பயனுள்ள பிரிவு. நாங்கள் பதினோரு மணிக்குப் பார்த்தது கட்டமைப்பின் ஒரு துண்டு: கட்டடமும் தரையும். பணியாளர் எண்ணிக்கையும் கட்டமைப்பில் சேர்ந்ததுதான். அதை நாங்கள் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் 1987-ஆம் ஆண்டின் முதியோர் பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம் அங்கே வாழ்பவரின் உரிமைகளைப் பட்டியலிட்டது. தண்டனைக்காகவோ ஊழியர் வசதிக்காகவோ ஒருவரைக் கட்டிப்போடவும் கூடாது, மருந்து கொடுத்து மயக்கி வைக்கவும் கூடாது என்பது அவற்றில் ஒன்று. 'வசதிக்காக' என்ற அந்தச் சொல் என்னை நிறுத்தியது. கொடுமைக்காரர் ஒருவர் தேவையில்லை, வசதியே போதும் என்று அறிந்து எழுதிய சொல் அது. அதே நாட்டில் 2008-இல் இல்லங்களுக்கு ஐந்து நட்சத்திர மதிப்பீடு வந்தது. பணியாளர் எண்ணிக்கையும் அதில் ஓர் அளவுகோல். ஆனால் தொடக்க ஆண்டுகளில் அந்த எண்ணிக்கையை இல்லங்களே சொல்ல, அதை வைத்தே நட்சத்திரம் போட்டார்கள். சம்பளப் பட்டியலோடு ஒப்பிடும் முறை பின்னால்தான் வந்தது. நல்ல அளவுகோலும் அளக்கப்படுகிறவர் கையிலேயே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஐந்தரை மணி டிக்குகளைப் பார்த்த எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பெரியம்மாவின் கூந்தலை வசதி என்ற சொல்லோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள முடிந்தது. இரண்டு பேர் முப்பத்திரண்டு பேருக்குத் தலைகுளிப்பாட்டி, துவட்டி, சிக்கெடுக்க முடியாது. ஆகவே முடியை எடுத்துவிடுகிறார்கள். ஆள் பற்றாக்குறையை முதிய பெண்ணின் உடலில் வெட்டி நேர்செய்கிறார்கள். ஆண்கள் பகுதிக்கு மாதம் ஒருமுறை முடிதிருத்துபவர் வருகிறார். மீசையை எடுக்கவா, வைக்கவா என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரியை வைக்கிறார். கேட்பது முடியாத காரியம் இல்லை என்பதற்கு அது போதும்.

பெண்ணின் தலையிலிருந்து முடியை நீக்குவதற்கு நம்மிடம் நீண்ட வரலாறு உண்டு. புறநானூற்றின் கைம்மைப் பாடல்களிலேயே கூந்தல் களைந்த தலை வருகிறது. வகுப்பில் அந்தப் பாடல்களைப் பல ஆண்டுகளாக நடத்தியிருக்கிறேன். கணவனை இழந்தவள் இனி யாருக்கும் உரியவள் அல்ல என்று அவள் உடலில் எழுதிக் காட்டும் சடங்கு அது என்று மாணவிகளுக்குச் சொல்வேன். பெரியம்மா திருமணமே செய்துகொள்ளாதவர். கைம்மை என்ற ஒன்று அவர் வாழ்க்கையில் நுழைய வழியே இருக்கவில்லை. 81 வயதில் அது சுத்தம் என்ற பெயரில் வந்தது. நோக்கம் வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டிலும் அந்தப் பெண்ணைக் கேட்பதில்லை.

சட்டம்

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் பற்றிப் பலருக்கும் தெரியும். பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாமல் பராமரிப்புத் தொகை பெறவும், கைவிடுவோரைத் தண்டிக்கவும் அது வழி செய்கிறது. மாவட்டத்துக்கு ஒன்று என்றாவது தொடங்கி, குறைந்தது 150 வறிய முதியோர் தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்று அதன் 19-ஆம் பிரிவு சொல்கிறது.

அந்தச் சட்டம் பராமரிப்பு என்ற சொல்லுக்குத் தரும் விளக்கம்: உணவு, உடை, உறைவிடம், மருத்துவக் கவனிப்பு, சிகிச்சை. இந்த நான்கைந்தும் பெரியம்மாவுக்குக் குறைவின்றிக் கிடைக்கின்றன. கூந்தலை வெட்டியதால் இவற்றில் எதுவும் மீறப்படவில்லை.

தமிழில் இந்தச் சொல்லே கவனிக்கத்தக்கது. சாலைப் பராமரிப்பு, மின்மாற்றிப் பராமரிப்பு, பாட்டி பராமரிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே சொல். பழுதாகாமல் வைத்திருப்பது என்ற பொருள் அதில் தூக்கலாக இருக்கிறது. வீட்டில் நாம் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. "அம்மாவை யார் பாத்துக்கறாங்க?" என்றுதான் கேட்கிறோம். அதில் பார்ப்பது இருக்கிறது. அவர் முகத்தைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக்கொள்ள முடியாது. பழைய சொல் ஒன்றும் இருக்கிறது, பேணுதல். விரும்பி மதித்து நடத்துவது என்ற பொருள் அதற்கு உண்டு. சட்டத்தின் மொழிபெயர்ப்பில் இந்த இரண்டு சொற்களுக்கும் இடமில்லாமல் போனதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

இன்னொன்று. பிள்ளைகள் என்று மகன், மகள், பேரன், பேத்தியைச் சொல்லும் சட்டம், பிள்ளை இல்லாத முதியவருக்கு 'உறவினர்' ஒருவரைப் பொறுப்பாக்குகிறது. யார் அந்த உறவினர்? அவருடைய சொத்தை வைத்திருக்கும் அல்லது பின்னால் அடையப்போகும் வாரிசு. நிலமும் வீடும் இல்லாத, மணமாகாத ஒரு பெண்ணுக்குச் சட்டத்தின் கண்ணில் உறவே இல்லை. பெரியம்மாவிடம் இருப்பது உதவிபெறும் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றதற்கான ஓய்வூதியம் ஒன்றுதான். இல்லத்துக்கு மாதாமாதம் கட்டும் பணமும் அதுதான். பணம் அவருடையது, உடல் அவருடையது. படிவத்தில் 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் கையெழுத்து என்னுடையது. அவருடைய கையெழுத்துக்கு அந்தப் படிவத்தில் இடமே இருக்கவில்லை. நானும் அதைக் கவனிக்காமல்தான் கையெழுத்திட்டேன்.

2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா அறிமுகமானது. கண்ணியமான வாழ்வு என்பதைப் பராமரிப்பின் விளக்கத்துக்குள் கொண்டுவரவும், இல்லங்களைப் பதிவுசெய்து குறைந்தபட்சத் தரத்துக்குக் கட்டுப்படுத்தவும் அது முயன்றது. கூடவே, பிள்ளைகள் என்ற பட்டியலில் மருமகனையும் மருமகளையும் சேர்த்தது. அந்த மக்களவையின் காலத்தில் அது நிறைவேறவில்லை. கண்ணியம் என்ற சொல்லை வரவேற்கிறேன். மருமகளைப் பற்றித் தயக்கம் உண்டு. காலங்காலமாக அவள் கூலியின்றிச் செய்துவரும் வேலையைச் சட்டத்தில் எழுதிவைத்துவிட்டு, அவளுக்குத் துணை நிற்க என்ன ஏற்பாடு என்று கேட்காமல் விட்டால், கண்ணியத்தின் செலவு மறுபடியும் ஒரு பெண்ணின் கணக்கில்தான் ஏறும்.

எப்படிப் பார்ப்பது

கவனிப்பைப் பற்றி எழுதிய பெண்ணியச் சிந்தனையாளர்களில் ஜோன் ட்ரோன்டோ எனக்கு மிகவும் உதவியவர். 1993-இல் வந்த தன் நூலில் அவர் கவனிப்பை நான்கு கட்டங்களாகப் பிரித்தார். தேவையை உணர்தல், பொறுப்பேற்றல், கையால் செய்தல், பெறுதல். முதலிரண்டும் மதிப்புள்ள வேலைகளாக மேலே இருப்பவர்களிடமும், கையால் செய்வது கீழே இருப்பவர்களிடமும் போய்ச்சேர்கின்றன. நான் பொறுப்பேற்றேன்; அந்த அக்கா செய்தார். நான்காவது கட்டம்தான் நம்மிடம் முற்றிலும் விடுபட்டது. பெற்றவர் என்ன சொல்கிறார் என்று கேட்காதவரை கவனிப்பு நடந்து முடிந்ததாகவே ஆகாது.

ஆகவே தோழிகளுக்கும் மாணவிகளுக்கும் சொல்கிறேன். அம்மாவுக்கோ அத்தைக்கோ நாளைக்கு நமக்கோ ஓர் இல்லத்தைத் தேட வேண்டி வந்தால், காலை பதினோரு மணிக்குப் போகாதீர்கள். சாயங்காலம் ஆறரைக்குப் போங்கள். அதற்குள் எல்லோரையும் படுக்க வைத்துவிட்டார்களா என்று பாருங்கள். தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா? அழைப்பு மணி எட்டுகிறதா, அழுத்தினால் வேலை செய்கிறதா? வாக்கரில் நடப்பவர்களுக்கு டயப்பர் கட்டியிருக்கிறார்களா? அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது? பெண்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி முடி வெட்டியிருக்கிறதா?

பிறகு வேலை செய்யும் பெண்களிடம் பேசுங்கள். இரவில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம், வார விடுமுறை உண்டா, எங்கே சாப்பிடுகிறார்கள், இங்கே எத்தனை மாதமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். எல்லோரும் மூன்று மாதத்துக்குள் வந்தவர்கள் என்றால், அங்கே படுத்திருக்கும் யாருடைய உடலும் யாருக்கும் பழக்கமில்லை என்று அர்த்தம். அவர்களுடைய சோர்வு உங்கள் அம்மாவின் முதுகில் புண்ணாக வரும். இதைக் கருணைக்காகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

கடைசியாக, மேலாளரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அங்கே வாழும் ஒரு பெண்ணிடம் கேளுங்கள்: போன வாரம் எதையாவது வேண்டாம் என்று சொன்னீர்களா? சொன்னபோது என்ன நடந்தது? நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அங்கேயேதான் அவர்கள் இரவு தூங்க வேண்டும். மறுத்த கதை ஒன்றை ஒருவரால் சொல்ல முடிகிறது என்றால், அங்கே அவர் இன்னும் ஒரு நபராக இருக்கிறார்.

கூந்தல் விஷயத்தை நான் மேலாளரிடம் கொண்டுபோனேன். பொறுமையாகக் கேட்டார், வருத்தம் தெரிவித்தார். அடுத்த மாதம் படிவத்தில் புதிதாக ஒரு வரி அச்சாகி வந்தது: முடி வெட்ட உறவினர் ஒப்புதல். நான் வெற்றி பெற்றுவிட்டேன் என்று நினைத்து இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. மறுபடியும் என்னைத்தான் கேட்கிறார்கள். 'உறவினர்' என்பதை அடித்து 'அவருடைய' என்று எழுதிக் கொடுத்தேன். "நெனவு தப்புனவங்ககிட்ட எப்படிங்க கேக்கறது?" என்று மேலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஆனால் சொல் தவறியவர்களும் கையை இழுத்துக்கொள்கிறார்கள், தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள், வாயை இறுக மூடிக்கொள்கிறார்கள். அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளப் பொறுமை வேண்டும், நேரம் வேண்டும். நேரம் என்றால் ஆள். மறுபடியும் அதே கணக்குக்குத்தான் வந்து நிற்கிறோம்.

போன வாரம் பெரியம்மாவிடம் பதிவேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுவரை அவரைப் பற்றிய அந்த ஏட்டை அவரிடம் யாரும் காட்டியதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலைமையாசிரியை பார்ப்பதுபோலவே பக்கம் பக்கமாகப் புரட்டினார். முடி இப்போது காதுவரை வளர்ந்திருக்கிறது. படிக்கும்போது கை பிடரிக்குப் போய், கொண்டை இருந்த இடத்தைத் தொட்டுவிட்டு வந்தது.

ஓர் இரவின் பக்கத்தில் விரலை வைத்தார். "நாலு கட்டமும் ஒரே நேரத்துல போட்டது கண்ணு. எங்க டீச்சருங்க இன்ஸ்பெக்‌ஷனுக்கு மொத நாளு பாடக்குறிப்பு எழுதுவாங்களே, அதே மாதிரி."

"தப்புத்தானே பெரியம்மா?" என்றேன்.

"டீச்சரை மட்டும் திட்டுனா ஆச்சா? அஞ்சு வகுப்புக்கு ஒரு டீச்சரைப் போட்டா, வேற என்ன எழுதுவா? இங்க ராத்திரிக்கு இன்னும் மூணு ஆளு வேணும்." ஏட்டை மூடி என்னிடம் தந்தார். "அதைச் சொல்லு. அப்புறம், கழிப்பறைக்குப் போகையில கதவைச் சாத்தச் சொல்லு. அதுக்கும் இதுல எடம் இல்ல."